மேலே இரண்டு, கீழே இரண்டு

ஆயாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது 1993-ல். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலிருந்து காசிமேட்டு வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அங்கே கொடுத்த சீட்டை நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் ஆங்கில எழுத்து தெரியாது. பெயர், வயது, சொட்டு மருந்து எத்தனை வேளை என்பதெல்லாம் விளங்கிவிட்டன. ஒரு சொல் மட்டும் இடறியது: கேட்டராக்ட்.

என்னிடம் ஓர் அகராதி இருந்தது. சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில், பழைய புத்தகக் கடையில் மாமா வாங்கிக் கொடுத்தது. ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் புத்தகம். மேலட்டை கிடையாது, கோந்து காய்ந்து முதல் சில பக்கங்களும் போய்விட்டன. சொல்லைத் தேடிப் பிடித்தேன். முதல் பொருள், பெரிய அருவி. ஆயாவின் கண்ணில் அருவி எப்படி வரும்? அடுத்த வரியில்தான் கண் நோய் இருந்தது. பொருள் கிடைத்துவிட்டது, புத்தகத்தை மூடியிருக்கலாம். ஆனால் பார்வை இரண்டு சொல் மேலே ஏறி நின்றது. கேட்டமரான். பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள், தமிழிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது.

கட்டுமரம்! தாத்தா நாற்பது ஆண்டு கடலுக்குப் போன மரம். உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு கண்ணில் கட்டோடு பாயில் உட்கார்ந்திருந்த ஆயா, "நம் மரமா? அவர்கள் புத்தகத்திலா இருக்கிறது? இன்னொரு முறை படி கண்ணு" என்றாள். மூன்று முறை படித்தேன். ஆயாவுக்கு அந்தச் சொல் அகராதியில் இருந்ததைவிட, அது தாத்தாவுக்குத் தெரியாமலே போனதுதான் மனத்தில் தைத்தது. அன்று இரவு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தை அதன்பிறகு எத்தனை முறை திறந்திருப்பேன் என்று கணக்கில்லை. வரிசை இப்படிப் போகும்: கேட்டலாக், கேட்டலிஸ்ட், கேட்டமரான், கேட்டபல்ட், கேட்டராக்ட், கட்டார், கட்டாஸ்ட்ரஃபி. பொருளாகச் சொன்னால் பட்டியல், வினையூக்கி, கட்டுமரம், கவண், அருவி அல்லது கண்புரை, மூக்கிலும் தொண்டையிலும் சளி ஒழுகும் நோய், பேரழிவு. இவற்றில் கட்டுமரத்தை எடுத்துவிட்டால் மீதி ஆறும் ஒரே குடும்பம். கிரேக்கத்தில் 'கட்டா' என்ற முன்னொட்டுக்குக் 'கீழே' என்பது அடிப்படைப் பொருள். கீழே பாய்ந்து விழுவது அருவி. கீழே ஒழுகுவது சளி. கீழ்மேலாகக் கவிழ்வது பேரழிவு. கோட்டை வாசலில் மேலிருந்து இறக்கும் இரும்புக் கதவுக்கும் அருவியின் பெயரே வழங்கியது. பார்வைக்கு முன்னால் இறங்கி மறைக்கும் நோய்க்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது என்கிறார்கள். ஆறு கிரேக்கர்களுக்கு நடுவில் ஒரு காசிமேட்டுக்காரர். முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருப்பதைத் தவிர அவருக்கும் அவர்களுக்கும் ஒட்டு உறவு எதுவும் இல்லை.

நாங்கள் அப்போது எட்டுக் குடித்தனங்கள் இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரே முற்றம், ஒரே குழாய். பக்கத்துக் குடித்தனத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்; அவர்கள் வீட்டில் தாளிக்கும் வாசனை எங்கள் வீட்டுக்குள் வரும். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் எண்ணூரில் இருந்தார்கள். அகராதியும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அடுத்தடுத்து இருப்பவர்களில் யார் உறவு, யார் வெறும் பக்கத்து வீடு என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஒன்றைத்தான் முப்பது ஆண்டுகளாக நானும் பழகுகிறேன், தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

படிக்கும் காலத்தில் இது விளையாட்டாகவே இருந்தது. வேலைக்குப் போன பிறகுதான் இதற்கு விலை உண்டு என்று தெரிந்தது. தம்பு செட்டித் தெருவில், துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணம் தயாரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஐந்தாவது மாதம், பெரியமேட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் தோல் சரக்கு ஒன்றுக்கு விவரத்தாளைத் தட்டச்சு செய்தேன். கன்சைனர் என்ற கட்டத்தில் ஜெர்மனி நிறுவனத்தின் பெயர், கன்சைனீ என்ற கட்டத்தில் நம் ஊர் நிறுவனத்தின் பெயர். சரக்கை அனுப்புபவர் கன்சைனர், பெற்றுக்கொள்பவர் கன்சைனீ. நான் தலைகீழாக்கிவிட்டேன். சரிபார்க்க வந்த படியையும் நானே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன். கப்பல் போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்தவரால் சரக்கை எடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஆவணத்தின்படி அந்தச் சரக்கு அவருக்கு வந்ததே இல்லை. திருத்தம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளுக்கும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், விழுந்தது. அலுவலகம்தான் கட்டியது.

அங்கே மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார். நாங்கள் சார் என்போம். அவர் என்னைத் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து தடித்த அகராதியை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, வரிக்கு அடியில் மர அளவுகோலை வைத்தார். கார்பன் தாள் படிந்து நீலமாகிப்போன விரல் நுனி, கன்சைனீ என்ற சொல்லில் நின்றது. பிறகு இரண்டு சொல் கீழே இறங்கிக் கன்சைனரில் நின்றது. "இனிமேல் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு பாரம்மா. தப்பு எப்போதும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும்" என்றார்.

அன்றே டெமரேஜையும் பார்க்கச் சொன்னார். அதற்கு மேலே டிமர், டிமியூர் என்று இரண்டு. டிமர் என்றால் ஒப்பாமல் தயங்குவது, ஆட்சேபிப்பது. டிமியூர் என்றால் அடக்கமான, நாணமுள்ள. டெமரேஜ் என்பது சரக்கையோ கப்பலையோ குறித்த காலத்துக்கு மேல் தங்கவைப்பதற்கான கட்டணம். டிமர், டெமரேஜ் இரண்டும் 'தாமதி' என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. தயங்குவதும் தாமதம், அதற்குக் கட்டுவதும் தாமதத்துக்கான பணம். இப்படி வேரைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சொல் ஆயுளுக்கும் மறக்காது. எனக்கு மறக்கவில்லை.

கன்சைனர், கன்சைனீ பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது ஒரு சொல்லோடு முடிகிற காரியம் இல்லை. ஆங்கிலத்தில் சொல்லின் வாலில் 'ஆர்' வந்தால் செய்பவர், இரண்டு 'இ' வந்தால் அந்தச் செயல் யாரை நோக்கிப் போகிறதோ அவர். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலையில் வைக்கப்பட்டவர். காசோலையில் பேயீ என்றால் பணம் பெறுபவர். எங்கள் பக்கத்தில் பலர் தடுமாறும் இடம் வீட்டுக் கடன் பத்திரம். வீட்டை அடமானம் வைக்கும் நாம்தான் மார்ட்கேஜர். கடன் கொடுக்கும் வங்கி மார்ட்கேஜீ. வங்கி பெரியது, நாம் சிறியவர்கள் என்ற நினைப்பில் பலர் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். அடமானத்தை யார் வைக்கிறார், யார் பெறுகிறார் என்று கேட்டுக்கொண்டால் குழப்பம் தீரும். விதிக்கு அடங்காதவையும் உண்டு: அப்சென்டீ என்பவர் தானே வராமல் இருப்பவர், எஸ்கேப்பீ என்பவர் தானே தப்பி ஓடியவர். அவற்றைத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சார் ஓய்வு பெறும்வரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் எங்களுக்கு அகராதி நேரம். அலுவலகத்தில் நாள்தோறும் புழங்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுப்போம். டேர் என்பது வெற்றுப் பெட்டியின் எடை. மொத்த எடையிலிருந்து கழித்துத் தள்ள வேண்டியது. டாரிஃப் என்பது கட்டண விகிதப் பட்டியல். அகராதியில் இரண்டும் ஒரே பக்கம், இரண்டும் அரபு மொழியிலிருந்து வந்தவை, ஆனால் வேர்கள் வேறு. முன்னது 'தள்ளி எறிந்தது', பின்னது 'அறிவிப்பு'. லேடிங் என்றால் சரக்கேற்றுதல். நாங்கள் தட்டச்சு செய்யும் பில்லில் எல்லாம் இருக்கும் சொல். அதற்குக் கீழே லேடில், அகப்பை. பார்த்தால் சம்பந்தமே இல்லாதவை. ஆனால் இரண்டும் ஒரே பழைய ஆங்கில வினைச்சொல்லின் பிள்ளைகள். அந்த வினைக்குச் சுமை ஏற்றுதல், நீர் மொள்ளுதல் என்று இரண்டு பொருளும் இருந்தன. கப்பலில் சரக்கேற்றும் சொல்லும் குழம்பு மொள்ளும் கரண்டியும் அக்கா தங்கை என்று தெரிந்த அன்று, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அகப்பையைக் காட்டிச் சொன்னேன்.

இன்னொன்று ஸ்டேஷனரி. தமிழில் எழுதினால் ஒரே சொல், ஆங்கிலத்தில் இரண்டு. வாலுக்கு முன்னால் 'ஏ' இருந்தால் அசையாமல் நிற்பது. 'இ' இருந்தால் தாள், உறை, பேனா வகையறா. இரண்டுக்கும் நடுவே அகராதியில் ஸ்டேஷனர் என்ற கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். முற்காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலான வணிகர்கள் ஊர் ஊராகச் சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஒரே இடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்தவர், குறிப்பாகப் புத்தகம் விற்றவர், ஸ்டேஷனர். நிலையாக நின்றவர் விற்ற சரக்குக்கு அவர் பெயரே ஆகிவிட்டது. எனவே இவை பக்கத்து வீடு மட்டும் இல்லை, உறவும்கூட. ஆண்டர்சன் தெருவில் தாள் கடை வைத்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெயரின் முடிவில் வரும் 'இ', 'ஆர்' இரண்டும் அவர் விற்கும் பொருளின் பெயரிலும் வரும். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பிறகு யாரும் இதில் தவறவில்லை.

வேருக்கான சாட்சி அகராதியில் இருக்கும்போது, காதால் கேட்டு உறவு கொண்டாடக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள். ஆங்கிலத்தின் கேஷ் நம் காசிலிருந்து போனது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நல்ல அகராதியில் கேஷ் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். ரொக்கப் பணம் என்ற பொருளுள்ள கேஷ், பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் வழியாக வந்தது. கிழக்கு நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ்தான் போர்ச்சுகீசியர் வழியாக நம் காசிலிருந்து போனது. கொஞ்சம் கீழே கேஷியரும் இரண்டு: ஒன்று காசாளர், மற்றது படையிலிருந்து இழிவுபடுத்தி வெளியேற்றுவது என்னும் வினை, அது டச்சு மொழியிலிருந்து வந்தது. தமிழ்மீது பற்று உள்ளவர்கள்தான் இதை முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். நம்முடையது என்று உறுதியாகச் சொல்லக் கட்டுமரம் இருக்கிறது, சுருட்டிலிருந்து போன செரூட் இருக்கிறது, மிளகுத்தண்ணீரிலிருந்து போன மல்லிகடானி இருக்கிறது.

சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்துவது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் அது எல்லாக் காலத்திலும் இருந்த பழக்கம் இல்லை. 1604-ல் இங்கிலாந்தில் ராபர்ட் காட்ரி ஆங்கிலத்துக்கு மட்டுமான முதல் அகரவரிசை அகராதியை வெளியிட்டபோது, 'ஏ'யில் தொடங்கும் சொல்லைத் தொடக்கத்திலும் 'வி'யில் தொடங்குவதை முடிவை ஒட்டியும் தேட வேண்டும் என்று வாசகருக்கு விளக்க வேண்டியிருந்தது. நம்மிடம் அதற்கு முன்பே திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் இருந்தன. அவற்றில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளால்தான் தொகுதி. ஒரு யானைக்குப் பக்கத்தில் இன்னொரு யானைதான் நிற்கும். 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்த பிறகே எழுத்து வரிசை நம்மிடையே நன்றாக வேரூன்றியது. 1779-ல் ஜெர்மன் பாதிரியார் பப்ரீசியஸ் தொகுத்த தமிழ் – ஆங்கில அகராதி அச்சானது நமக்குப் பக்கத்திலேயே, வேப்பேரியில்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. நினைவில் வைக்க நிகண்டு முறை நல்லது. தேடவும் பிரித்தறியவும் அகராதி முறை நல்லது. இரண்டையும் குழப்பினால் வரும் கேட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெருவில் ஒரு பையன், அகராதியின் ஒரு பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்து நாளுக்கு இருபது சொல் என்று போனான். நல்ல உழைப்பாளி. ஒரு மாதம் கழித்து, அடாப்ட் என்றால் என்ன என்று கேட்டேன். கைதேர்ந்த என்றான், பிறகு தத்தெடு என்றான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். ஒரே மூச்சில் படித்த மூன்று சொற்கள் அவனுக்குள் ஒன்றையொன்று அழித்திருந்தன. நடுவில் 'ஏ' வந்தால் புதிய சூழலுக்குப் பழகிக்கொள்வது, 'இ' வந்தால் கைதேர்ந்தவர், 'ஓ' வந்தால் தத்தெடுப்பது. அவனுக்கு நான் சொன்ன வழி இதுதான்: பார்க்கும்போது மேலே இரண்டு, கீழே இரண்டு பார். ஆனால் மனத்தில் வைப்பது அன்று ஒன்று மட்டும். அதை உன் வீட்டு வாக்கியத்தில் வை. அது ஊறிய பிறகு, நான்கைந்து நாள் கழித்து, பக்கத்துச் சொல்லை எடு. அவன் எழுதிய முதல் வாக்கியம், அவனுடைய தங்கை புதுப் பள்ளிக்குப் பழகிவிட்டாள் என்பது. இரண்டாவது, வீட்டுக்கு வந்த பூனைக்குட்டியை அவர்கள் தத்தெடுத்துக்கொண்டார்கள் என்பது. அவன் அதன்பின் தடுமாறவில்லை.

கடைசி 'இ'யைத் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். பிரெத் என்றால் மூச்சு. கடைசியில் ஓர் 'இ' சேர்ந்தால் பிரீத், மூச்சுவிடு. பாத் குளியல், பேத் குளிப்பது; கிளாத் துணி, கிளோத் உடுத்துவது. பெயர்ச்சொல் வினையாகிவிடுகிறது, உயிரொலியும் மாறுகிறது. ஹியூமன் என்றால் மனித. 'இ' சேர்ந்து ஹியூமேன் ஆனால் மனிதாபிமானமுள்ள. மாரல் என்றால் அறம் சார்ந்த. மொரால் என்றால் மனவுறுதி. விண்ணப்பக் கடிதங்களில் இந்த ஒற்றை எழுத்து போனால் கணினியும் காப்பாற்றாது. தவறான சொல்லும் சரியான எழுத்துக் கூட்டலோடு இருப்பதால் சிவப்புக் கோடு விழாது.

கைப்பேசி அகராதியில் எனக்கு உள்ள குறை ஒன்றுதான். கேட்ட சொல் மட்டும் வரும், அக்கம்பக்கம் தெரியாது. அதனால் மாடியில் நடத்தும் மாலை வகுப்பில் மூன்று அச்சு அகராதிகள் வைத்திருக்கிறேன். பக்கத்தின் உச்சியில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் போட்டிருக்கும். முதல் வாரம் முழுவதும் அதைப் பார்த்துப் பக்கம் பிடிக்கும் பயிற்சி மட்டுமே. போன ஆடியில் ஒரு பெண், மல்லெட் என்ற மீனைத் தேடினாள். மடவை. எண்ணூர் முகத்துவாரத்தில் அவள் அப்பா பிடிப்பது. பொருளைப் பார்த்தாள், பழக்கப்படி கீழே இறங்கினாள், கத்தினாள்: "அக்கா, மடவைக்குப் பக்கத்திலேயே மிளகுத்தண்ணீர்!" மல்லெட்டுக்கு அடியில் மல்லிகடானி. அன்று வகுப்பு அதற்கு மேல் நடக்கவில்லை. எல்லாரும் மூன்று புத்தகத்திலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

கட்டுமரப் பக்கத்தை நான் எல்லாருக்கும் கடைசியில்தான் காட்டுவேன். அந்தப் பெண்ணுக்கும் காட்டினேன். ஆறு கிரேக்கச் சொற்களை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "நம் அகராதியில் அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டில் எனக்குத் தோன்றாத கேள்வி. உள்ளே போய்த் தமிழ் அகராதியை எடுத்து வந்து அவளிடமே கொடுத்தேன். க, கட், கட்டு என்று பக்கம் புரட்டி, அளவுகோலை வைத்து, மேலிருந்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். கட்டுச்சோறு. கட்டுப்பாடு. கட்டுமரம். கட்டுமலை. கட்டுமானம்.

"எல்லாரும் ஒரே வீடு" என்றாள். பிறகு அளவுகோலை ஒரு வரி மேலே நகர்த்தி, "அக்கா, கட்டுமலை என்றால் என்ன?" என்று கேட்டாள்.